கொவென்ட்ரி புனித மிக்கேல் ஆலயம்: இடிபாட்டைக் காத்த நகரம்

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் கூரையில்லாத ஓர் ஆலயம் நிற்கிறது. அந்தப் புனித மிக்கேல் ஆலயத்தின் வரலாறு, போரில் வழிபாட்டிடங்களையும் உறவுகளையும் இழந்த நாம் அறிந்திருக்க வேண்டியது என்பதால் இதை எழுதுகிறேன்.

14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்ட இது, ஊர்மக்களின் பங்கு ஆலயம். கம்பளித் துணி வணிகத்தால் நகரம் செழித்திருந்த காலம் அது. துணி வணிகர், சாயமிடுவோர், தொப்பி செய்வோர், கொல்லர் எனத் தொழில் குழுவினர் ஆலயத்துக்குள் தமக்கெனத் தனித்தனிச் சிற்றாலயங்களை வைத்திருந்தனர். கூம்புக் கோபுரத்தின் உயரம் 90 மீற்றர். நாட்டின் மிகப் பெரிய பங்கு ஆலயங்களில் ஒன்றாக விளங்கிய இது, 1918இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

1940 நவம்பர் 14 இரவு யேர்மன் விமானங்கள் நகரைத் தாக்கின. விடியும்வரை தாக்குதல் நீடித்தது. ஆலயக் கூரையில் எரிகுண்டுகள் விழுந்தன. காவலுக்கு நின்ற நால்வர் தீயை அணைக்கப் போராடினர். பின்னர் தண்ணீரும் நின்றுபோனது. காலையில் கோபுரமும் வெளிச்சுவர்களுமே எஞ்சியிருந்தன. நகரில் 550க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பலர் ஒரே புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டனர்.

எரிந்த கூரை மரங்கள் இரண்டு சிலுவைபோல் விழுந்துகிடந்ததைக் கண்ட ஆலயத்தின் கற்சிற்பி யொக் போர்ப்ஸ், அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். பீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் "தந்தையே மன்னியும்" என்ற சொற்களைப் பொறிக்கச் செய்தார் ஆலயத் தலைமைக் குரு றிச்சர்ட் ஹவார்ட். "அவர்களை" என்ற சொல் அங்கே இல்லை. மன்னிப்பு எல்லோருக்கும் தேவை என்பதே அதன் பொருள். பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் 1945இல் எரித்த ட்ரெஸ்டன் நகருக்கு, 1965இல் கொவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் சென்று, சேதமடைந்த மருத்துவமனையைத் திருத்த உதவினர்.

கட்டடக் கலைஞர் பசில் ஸ்பென்ஸ் பழைய சுவர்களை அகற்றாமல் அவற்றின் அருகிலேயே புதிய பேராலயத்தை வடிவமைத்தார். அது 1962 மே 25இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

நல்லிணக்கத்துக்குக் கொவென்ட்ரியை உதாரணம் காட்டுவோர் பலர். ஆனால் அங்கே மன்னிப்பு என்ற சொல்லை எழுதியவர்கள் இழப்பைச் சுமந்தவர்களே. தமது இறந்தவர்களைப் பகிரங்கமாக அடக்கம் செய்து அழவும் ஆண்டுதோறும் நினைவுகூரவும் அவர்களால் முடிந்தது. இடிபாட்டை வைத்திருப்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். இவற்றை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் பாதிக்கப்பட்ட மக்களிடம் கேட்பது நியாயமாகாது என்பதே என் கருத்து.