புற்றுநோய்ப் பரவலும் அயன் வாயில்களும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

புற்றுநோயால் இறப்போருட் பெரும்பாலார் முதலில் தோன்றிய கட்டியினால் மாள்வதில்லை. அக்கட்டியினின்றும் பிரிந்து சென்று ஈரலிலும் நுரையீரலிலும் என்பிலும் குடியேறுங் கலங்களாலேயே மாள்கின்றனர். ஆகவே, புற்றுக்கலம் எவ்வாறு தன்னிடம் விட்டுப் பெயர்கின்றது என்னும் வினா மருத்துவ வரலாற்றில் முதன்மை வாய்ந்ததாகும். இதற்குரிய விடையின் ஒரு பகுதி, நரம்பினை ஆராய்ந்தோர் வழியே நெடுங்காலஞ் சென்றபின் கிடைத்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1889ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஸ்டீவன் பஜெற் என்பார், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பேரைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து நோக்கினார். நோய் ஈரலிற் பெரிதும் பரவியிருக்க, மண்ணீரலில் அருகியே காணப்பட்டது. எனவே பரவல் தற்செயலன்று. விதைக்கேற்ற நிலமும் வேண்டும் என அவர் துணிந்தார். ஆயின், அவ்விதையை இயக்கும் ஆற்றல் யாதென்பது அக்காலத்துக் கருவிகளுக்கு எட்டவில்லை.

மற்றொரு புறத்தில், ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் கணவாயின் பெருநரம்பிழையை ஆராய்ந்து வந்தனர். சோடியம் அயன்கள் உட்புகுதலாலும், பின்னர்ப் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுதலாலும் நரம்பிலே மின்துடிப்பு எழுகின்றதென்பதை 1952இல் நிறுவினர். 1976இல் ஜேர்மனியில் நேயர், சாக்மன் ஆகியோர், மென்சவ்வில் உள்ள ஒரேயொரு வாயிலினூடாகப் பாயும் மின்னோட்டத்தையே அளந்து காட்டினர். முன்னவர் 1963இலும் பின்னவர் 1991இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

மின்னழுத்தத்தால் திறக்குஞ் சோடியம் வாயில் நரம்புக்கும் தசைக்குமே உரியதென்னுங் கருத்து அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. 1995இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜம்கோஸ் என்பாரும் அவர் குழுவினரும் எலியின் புரொஸ்டேட் புற்றுக்கலங்களில் இருவகையை ஒப்பிட்டனர். மிகுதியாகப் பரவும் வகையிற் சோடியம் மின்னோட்டம் இருந்தது; அரிதாகப் பரவும் வகையில் அது காணப்படவில்லை. பேத்தை மீனின் நஞ்சாகிய தெற்றரோடொட்சினால் அவ்வாயிலை அடைத்தபோது, கலங்கள் ஊடுருவும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது.

அதன்பின் மார்புப் புற்றுக்கலங்களில், இதயத்துக்குரிய சோடியம் வாயிலின் ஒரு வடிவம் காணப்பட்டது. அது பிறப்பினையொட்டிய பருவத்துக்குரிய வடிவமென 2005இல் அறியப்பட்டது. ஒரே பரம்பரையலகின் செய்தி வேறுவகையாக இணைக்கப்படுதலால் இவ்வடிவந் தோன்றும். வளர்ச்சிக் காரணிகள் சிலவும் வாயில்களின் தொழிற்பாட்டை மிகுவிக்கும். வாயில் தொழிற்படுங்கால் ஐதரசன் அயன்கள் கலத்தினின்றும் மிகுதியாக வெளியேறுகின்றன. சூழல் அமிலத்தன்மை அடைகின்றது. அதனாற் புரதத்தைச் செரிக்கும் நொதியங்கள் ஊக்கம் பெற்று, கலத்தைச் சூழ்ந்துள்ள தடுப்பினைக் கரைத்து வழி திறக்கின்றன.

இஃது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. மும்பாய் தாதா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த பட்வே முதலியோர், சத்திரசிகிச்சைக்குச் சற்றுமுன் மார்புக் கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்னும் விறைப்பு மருந்தைச் செலுத்தி ஆராய்ந்த முடிவு 2023இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 1,600 பெண்கள் அதிற் பங்குகொண்டனர். ஐந்தாண்டின் பின் உயிருடன் இருந்தோர் மருந்து பெற்றாருள் 90.1 சதவீதம், பெறாதாருள் 86.4 சதவீதம். லிடோகெயின் சோடியம் வாயிலை அடைப்பதே. எனினும், அம்மருந்துக்கு வேறு செயல்களும் உளவாதலின், பயன் முழுவதும் வாயிலடைப்பினாலேயே விளைந்ததெனத் துணிதல் பொருந்தாது.

விலை மலிந்த பழைய மருந்தொன்று உயிர்காக்கக்கூடுமாயின், அதனை நாம் பிந்தி அறிந்தமைக்குக் காரணம் யாது? நரம்பினை ஆராய்ந்தோர் புற்றினை நோக்கவில்லை. புற்றினை ஆராய்ந்தோர் மின்னோட்டத்தை அளக்கவில்லை. அறிவுத்துறைகளுக்கிடையே நாம் எழுப்பிய சுவர் இயற்கைக்கு இல்லை. பௌதிகத்தையும் உயிரியலையும் வெவ்வேறு அறைகளிற் கற்கும் நம் மாணாக்கர் இவ்வரலாற்றினின்றும் கொள்ளவேண்டிய பாடம் இதுவேயாகும்.