‘பரம்’ கணினியும் மாறிய செயலிகளும்

வட்டுக்கோட்டையிலாயினும் கொழும்பிலாயினும் கணினி வாங்கச் செல்வோரிற் பலர் உள்ளே இருக்கும் செயலி எது என்றே முதலில் விசாரிக்கின்றனர். அச்செயலியைக் கணினி உற்பத்தியாளர் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்திடமே வாங்குகின்றனர். அந்த நிறுவனத்தைக் கைவிட்டு இன்னொன்றை நாட நேர்வது ஏன்? இந்தியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்காவிடமிருந்து கிரே மீத்திறன் கணினியைப் பெற முடியாதுபோன நிலையில், 1988இல் இந்திய அரசு புனே நகரில் ‘சி-டாக்’ நிறுவனத்தை அமைத்தது. 1991இல் வெளிவந்த ‘பரம் 8000’, பிரித்தானியாவின் இன்மோஸ் நிறுவனம் தயாரித்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளால் இயங்கியது. பல சில்லுகள் தமக்குள் நேரடியாகத் தொடர்புகொள்வதற்கென்றே உருவாக்கப்பட்டவை அவை. கணிப்பு வேகமோ போதவில்லை. ஆகவே அடுத்து வந்த ‘பரம் 8600’இல் கணிப்புக்கு இன்டெல்லின் ஐ860 சேர்க்கப்பட்டது; தொடர்பாடல் டிரான்ஸ்பியூட்டரிடமே இருந்தது. இன்மோஸின் புதிய டி9000 சில்லு தாமதத்துக்கு மேல் தாமதமாகியது. பிறர் சில்லுகள் அதற்குள் முந்திவிட்டன. சி-டாக் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் செயலிகளுக்கு மாறியது. 1998இன் ‘பரம் 10000’ அவற்றாலேயே இயங்கியது. ஐ.பி.எம்.மின் பவர்4 செயலிகளைக் கொண்ட ‘பரம் பத்மா’ 2003இல் உலக மீத்திறன் கணினிப் பட்டியலில் 171ஆம் இடத்தைப் பெற்றது.

இம்மாற்றங்களின் சுமை மென்பொருள் மீதே விழுகின்றது. ஒரு செயலியின் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியா. அப்பிள் நிறுவனம் 2005இல் பவர்பிசியை விட்டு இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்தபோது, பழைய மென்பொருள்களுக்காக ‘ரொசெட்டா’ என்னும் மொழிபெயர்ப்பியை வழங்கியது. 2011இல் வெளியான இயங்குதளத்தில் அது நீக்கப்பட்டது. அத்துடன் அம்மென்பொருள்கள் புதிய இயங்குதளத்தில் இயங்காமற் போயின.