கட்டுமரமும் சங்கடமும்

தமிழ்ச் சொற்கள் பல கடல் கடந்து பிறமொழிகளிற் குடியேறியுள்ளன. அவற்றுள் 'கட்டுமரம்' என்பது தனிச் சிறப்புடையது. இன்று மேலைநாட்டார் 'கேட்டமரான்' என வழங்குவது, இணையான இரண்டு தோணியுடல்களைக் குறுக்குத் தூலங்களாற் பிணைத்த பெருங்கடற் பாய்க்கலம் ஆகும். பெயர் தமிழாதலின் அமைப்பும் தமிழரே கண்டது என்பார் உளர். சொல் வந்த வழியும் கலம் வந்த வழியும் ஒன்றுதானா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நம் கட்டுமரத்தை நோக்குவோம். தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலை ஒட்டிய கடற்கரை, 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்கரையிலும் சோழமண்டலக் கரையிலும் பரதவர் கையாண்ட கட்டுமரம், இலேசான மரங்கள் சிலவற்றை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டியது. அதற்குக் குடைந்த உட்பகுதி இல்லை. அலைநீர் மரங்களின் இடையே புகுந்து வெளியேறும். மரத்தின் இலேசான தன்மையே அதனை மிதக்கச் செய்வதால், நீர் நிறைந்து அமிழும் அச்சம் இல்லை. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர்.

இரட்டையுடற் கலத்தின் இயல்போ வேறு. அதன் நிலைபேறு, இரண்டு உடல்களுக்கும் இடையேயுள்ள அகலத்தால் வருவது. ஆதலின் ஒற்றையுடற் பாய்க்கலம்போல் அடியிற் கனம் சேர்க்க வேண்டுவதில்லை. உடல்கள் ஒடுங்கி நீண்டிருத்தலின் அலையெழுப்பி இழக்கும் ஆற்றலும் குறைவு. ஆயினும் குறைகளும் உள. இரண்டு உடல்களும் வெவ்வேறு அலைகளில் ஏறியிறங்குங்கால் தூலங்கள் முறுக்குண்ணும். சுமை மிகின் விரைவு கெடும். நடுத்தளம் தாழ்ந்திருப்பின் அலை அதன் அடியில் மோதும். பெருங்கலம் கவிழ்ந்துவிடின் தானே நிமிராது. இவற்றுக்கு விடை காண்பதே அக்கலத்தை அமைப்போரின் தொழில்.

வரலாறும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தும். 1662இல் சர் வில்லியம் பெட்டி அயர்லாந்தில் இரட்டையுடற் கலம் ஒன்றைக் கட்டினார். அது கட்டுமரம் எனப் பெயர் பெற்றிலது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயணநூலில் அப்பெயரால் குறித்தது சோழமண்டலக் கரையின் கட்டிய மரங்களையே. எனவே அக்காலத்தில் பெயர் ஒருபுறமும் வடிவம் மற்றொருபுறமும் இருந்தன. 1876இல் நதானியேல் ஹெரஷாப் அமெரிக்காவில் 'அமரில்லிஸ்' என்னும் கலத்தை ஓட்டி வென்றார். அத்தகைய கலங்களுக்கே பின்னர் இப்பெயர் நிலைத்தது. 1955-56இல் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வாரம் முதலியோர் முன்மாதிரியாகக் கொண்டது பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணியையே.

அவ்வாறாயின் நம் நாட்டில் இரட்டைத் தோணி இல்லையோ எனின், உண்டு. அதன் பெயர் வேறு. இரு தோணிகளை இணைத்து மேலே தளமிட்ட கலத்தைத் தமிழகராதி 'சங்கடம்' என்னும். மலையாளத்தார் 'சங்ஙாடம்' என்பர். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ், கமரா, பொதுகே, சோபட்மா என்னும் கீழ்க்கரைத் துறைகளைக் கூறுமிடத்து, பெருமரங்களைப் பிணித்த 'சங்கரா' என்னும் கலத்தைக் குறிக்கின்றது. இதனைச் சங்கடத்தோடு இயைத்துக் காண்பர் அறிஞர். தாமிரபரணிக் கழிமுகத்துக் கொற்கையைப் பற்றி அந்நூல் உரைப்பது முத்துக்குளிப்பே. ஆதலின் அச்சான்றைக் கொற்கைக்கு ஏற்றிக் கூறல் பொருந்தாது.

இதுகாறும் கூறியவற்றால், இன்றைய பெருங்கடற் கலத்திற்குத் தமிழ் தந்தது பெயர் என்பதும், வடிவம் பசிபிக் தீவினரின் மரபினது என்பதும் போதரும். எனினும் 'கட்டு' என்னும் பகுதி வறிதே நின்றதன்று. தூலங்களை ஆணியால் இறுக்காது கயிற்றாற் பிணித்து, முறுக்கத்தைக் கட்டே தாங்குமாறு வாரம் தம் பிற்காலக் கலங்களை அமைத்தார். பெயருக்கும் பொருளுக்கும் அவ்விடத்து ஓர் இயைபு நேர்ந்தது. பெயரைக் கொண்டு பிறர் வடிவத்தை நமதெனல் வரலாறு ஆகாது. சங்கடம் என்னும் சொல்லின் வரலாற்றையும் அக்கலம் வழங்கிய துறைகளையும் தேடுதலே இனி ஆய்வாளர் கடமை.