தொலைவா, சுங்கமா? சிரம்பான் ஈய வரலாறு உணர்த்துவது

கனிமம் கிடைக்கும் இடம் துறைமுகத்திலிருந்து விலகியிருந்தால் அதன் வளர்ச்சி தடைப்படும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். இன்றைய சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங்கின் ஈயச்சுரங்க வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கை ஊஜோங் அடர்ந்த காட்டுப் பகுதியாக இருந்த காலத்திலேயே, 1828ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 1,000 சீனர்கள் அங்கு ஈயம் தோண்டினர். அவ்வாண்டில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னரும் அவர்கள் மீண்டும் அங்கு வந்தனர். சாலையோ இரயிலோ இல்லாத நிலையில், லிங்கி ஆறே அவர்களுக்குப் பாதையாக அமைந்தது. ஆகவே, தொலைவு தொழிலின் தொடக்கத்தைத் தடுக்கவில்லை என்பது தெளிவு.

உண்மையான இடர்ப்பாடு ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தது. அங்கு ஆதிக்கம் செலுத்திய தலைவர்கள் தத்தம் எல்லையில் அரண் அமைத்துச் சுங்கம் வசூலித்தனர். பொன்னைப் போலன்றி, ஈயம் எடை மிகுந்தது. எடைக்கேற்ற விலை குறைந்தது. எனவே ஒவ்வொரு சுங்கமும் அதன் இலாபத்தைக் குறைத்தது. 1874 ஏப்ரலில் டத்தோ கிளானா சையிட் அப்துல் ரஹ்மான் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், லிங்கி ஆற்றை வணிகத்திற்குத் திறந்து வைப்பது முதன்மையான இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே. டத்தோ பண்டார் குலோப் துங்கல் இதனை எதிர்த்தார். அவ்வாண்டு இறுதியில் ஆங்கிலப் படை அவ்வெதிர்ப்பை ஒடுக்கியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ஏறத்தாழ 39 கிலோமீட்டர் இரயில் பாதை 1891இல்தான் திறக்கப்பட்டது. அதாவது, கனிமம் முன்னே சென்றது. பாதை பின்னே வந்தது.

தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலிலும் இதனையொத்த போக்கைக் காணலாம். சுரங்கத்தின் தேவைக்காகவே 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது.

எனினும், தொலைவுக்குப் பொருளே இல்லை என்று கூறிவிட இயலாது. அது செலவைக் கூட்டுகிறது; வளம் குன்றிய படிவுகளைக் கைவிடச் செய்கிறது. ஆனால் வளமான படிவும் உயர்ந்த விலையும் ஒருங்கே அமையுமிடத்து, முதலீட்டாளர் தொலைவைவிடப் பாதையின் மீதான அதிகாரத்தையே பெரிதும் கருதினர்.

இம்முடிவு தோட்ட வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும். ஈயத்திற்காக உருவான போக்குவரத்து வழிகளை ஒட்டியே மேற்குக் கரையில் காப்பித் தோட்டங்களும் பின்னர் இரப்பர் தோட்டங்களும் பரவின. அவற்றுக்கே தமிழர் கொண்டுவரப்பட்டனர். இரப்பர் பால் துறைமுகம் சென்றடைய வழி இருந்தது. அதை எடுத்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கோ உயர்நிலைப் பள்ளி நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. அக்குறையைத் தோட்டங்களின் தொலைவு மட்டுமே விளைவித்தது என்று விளக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பாதை யாருக்காக அமைக்கப்பட்டது என்ற வினாவையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும்.