கொழுக்கட்டை முதலில் கடைப் பண்டமா, வீட்டுப் பண்டமா?

பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் நம் கல்லாவியில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இப்பல்லாம் யார் வீட்டுல கொழுக்கட்டை பிடிக்கிறாங்க? எல்லாம் கடையில ஆர்டர்தான்" என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளோ, பெங்களூரில் சாப்பிட்ட ஜப்பான் மோச்சி வேண்டும் என்பார்கள். இரு தரப்பாருமே கேட்க வேண்டிய பழைய கதை ஒன்று உண்டு.

முதலில் பெரியவர்களுக்கு. சங்க நூலான மதுரைக்காஞ்சியைப் பாடியவர் மாங்குடி மருதனார். பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன். அதில் மதுரை நகரம் பகலும் இரவுமாக விரிகிறது. நள்ளிரவில் ஊர் அடங்கும்போது யார் யார் உறங்கினார்கள் என்று சொல்லி வருபவர், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் விற்றவர்களையும் சொல்கிறார். பாகும் அடையும் பக்கத்தில் இருக்க, அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளின் பட்டியல் ஒன்று வரும். அதில் மோதகக்காரர்களின் விளக்குக்கும் இடம் உண்டு.

ஆக, நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் மோதகம் தெருவில் விற்ற பண்டம். அதற்காக வீட்டில் யாரும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அடுப்படியில் நடப்பதைப் புலவர்கள் எழுதிவைப்பது குறைவு. ஆனால் கடையில் வாங்கியதால் மரபு கெட்டுப்போயிற்று என்று மருமகளைக் கடிந்துகொள்ள இலக்கியத்தில் இடமில்லை.

உள்ளே என்ன வைத்தார்கள்? 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரையாசிரியர் நச்சினார்க்கினியர், பருப்பும் தேங்காயும் சர்க்கரையும் என்று விளக்கம் தருகிறார். அந்த உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சிட்டதால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது. நம் பக்கத்துக் கன்னட நாட்டுச் சான்றும் உண்டு. கல்யாணியில் இருந்து 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் என்ற நூல், அரிசி மாவுக்குள் ஏலக்காயும் கற்பூரமும் மணக்கும் இனிப்பை வைத்துச் செய்த மோதகத்தைச் சொல்கிறது. பார்க்க ஆலங்கட்டி மாதிரி இருக்கும் என்பதால் அதற்கு அப்படியே பெயர்: வர்ஷோபலகோலகம். நம் வட்டாரத்துக் கன்னடக்காரர் வீட்டில் கடுபு, தெலுங்கர் வீட்டில் குடுமுலு என்று கேட்டால் இந்தச் சொந்தங்களைத்தான் தட்டில் வைப்பார்கள்.

இப்போது பிள்ளைகள் கேட்கும் மோச்சிக்கு வருவோம். உள்ளீடு வைத்த மோச்சிக்கு ஜப்பானில் தைஃபுகு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில், இன்றைய டோக்கியோவான எடோ நகரில் அது பரவியது. விற்றவர்கள் யார் தெரியுமா? குளிர்கால இரவுகளில் கனல் சட்டியோடு தெருத்தெருவாக வந்தவர்கள். மதுரையிலும் இரவு வியாபாரம், எடோவிலும் இரவு வியாபாரம்! அதன் பழைய பெயருக்குப் பெருவயிற்று மோச்சி என்று பொருள். வயிறு என்ற சொல்லும் பாக்கியம் என்ற சொல்லும் அங்கே ஒரே மாதிரி ஒலிப்பதால், பின்னால் அது பெரும்பாக்கியம் ஆகிவிட்டது. பெருவயிற்றுக்காரருக்குப் படைக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

உள்ளே வைக்கும் அசுகிப் பயறு நம் பச்சைப்பயற்றின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். யாழ்ப்பாணத்தார் ஆடிப்பிறப்புக்குப் பயறு வைத்துக் கொழுக்கட்டை அவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு மேல்மாவில்தான். ஜப்பானியர் பயன்படுத்துவது பசையரிசி. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை. பசையரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை, அதனால் ரப்பர் போல இழுபடும். நம் மாவு பச்சரிசியில் அமைலோஸ் இருப்பதால் இழுத்தால் அறுந்துவிடும். அதற்காகத்தான் நாம் கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறுகிறோம். சூட்டில் மாவு பாதி வெந்து பசை விடுகிறது. நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்தால் சொப்பு செய்ய வளைந்துகொடுக்கிறது. தண்ணீர் கொதிக்காமல் ஊற்றினால் ஓரம் வெடிக்கும். பசையரிசிக்கு இந்த வேலை தேவையில்லை: மாவில் சர்க்கரையும் தண்ணீரும் கரைத்து இட்லிப் பானையில் 20 நிமிடம் அவித்து, கையில் ஒட்டாமல் சோளமாவு தூவிக்கொண்டு மூடினால் வீட்டிலேயே மோச்சி. சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சிறு துண்டாக நறுக்கிக் கொடுங்கள்; ஜப்பானிலேயே ஒவ்வொரு புத்தாண்டிலும் தொண்டையில் அடைத்து உயிர் போகிறது.

கடையில் வாங்குவதைவிட எனக்குக் கவலை தருவது பிளாஸ்டிக் அச்சு. அச்சில் தடிமனாக மாவை அப்பினாலும் வடிவம் வந்துவிடும். மெல்லியதாகத் தட்ட, மடிப்பு எடுக்க, உச்சியில் கூட்டி மூடத் தெரிந்த விரல்கள் நம் தெருவில் இன்னும் நாலைந்து பாட்டிகளிடம்தான் இருக்கின்றன. வாங்குபவர்கள் வாங்குங்கள். ஆனால் சதுர்த்திக்கு முந்தைய நாள் ஒரு டம்ளர் மாவைக் கிளறி, பாட்டி பக்கத்தில் பேரப்பிள்ளைகளை உட்காரவையுங்கள். முதல் பத்தும் வெடிக்கும். வெடித்ததை அன்றைக்கே தின்றுவிடலாம்.