கார்டாபியோடான்டிடே

கார்டாபியோடான்டிடே என்பது, இன்றைய வெண்சுறாவும் அதன் சுற்றமும் அடங்கிய லாம்னிஃபார்மீஸ் வரிசையைச் சார்ந்து, கிரெட்டேஷியஸ் காலத்தின் நடுப்பகுதியில் சமுத்திரங்களில் சஞ்சரித்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூண்டற்றுப்போன பெருஞ்சுறாக் குடும்பமாகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த பற்களையும் முள்ளெலும்புகளையும் பரிசோதித்த மிக்கேல் சிவர்சன், 1999இல் கார்டாபியோடான் ரிக்கி என்னும் இனத்தை வர்ணித்து இக்குடும்பத்தை ஸ்தாபித்தார். அவ்வினத்தின் நீளம் சுமார் 5.5 மீட்டர் என்பது பிற்கால மதிப்பீடு. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பாலானது; உயிர் நீங்கியபின் அது பெரும்பாலும் சிதைந்துபோக, ஆயுள் முழுதும் விழுந்து விழுந்து முளைக்கும் பற்களே மண்ணில் நிலைப்பதால், இக்குடும்பத்தின் சரித்திரமும் பெரிதும் பற்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

அச்சரித்திரத்தில், தமிழ்நாட்டின் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்கு உயரிய ஸ்தானம் உண்டு. அங்குள்ள கடற்படிவுகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். அவற்றுள் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைக் களிமண், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில், மழைநீர் அரித்த ஓடைப்பள்ளங்களாகப் புல்பூண்டு அருகிக் கிடக்கிறது. ஜிப்சம் இழைகள் வெயிலில் மின்ன, துப்பாக்கி ரவை போன்ற பெலம்னைட்டுப் புதைபடிவங்கள் காலடியில் சிதறியிருக்கும் அவ்வறண்ட நிலம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாயிருந்தது. இந்தியாவும் அப்போது பூமத்தியரேகைக்கு வெகு தெற்கே இருந்தது. அக்களிமண்ணில் கிடைத்த பற்களை ஆராய்ந்த சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃப்ளின் ஆகியோர் 2011இல் ட்வார்டியஸ் சுதின்டிகஸ் என்ற புதிய இனத்தை அறிவித்தனர். ட்வார்டியஸ் இக்குடும்பத்தின் மற்றொரு பேரினம். அதன் பிற இனங்கள் ஐரோப்பாவில் அறியப்பட்டவை. ரம்பமுனையற்ற வழவழப்பான விளிம்பும், தடித்த வேரும் இக்குடும்பத்துப் பற்களின் லட்சணங்கள்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கருகே கிடைத்து நெடுநாள் ஆராயப்படாதிருந்த முள்ளெலும்புகள், 11.5 கோடி ஆண்டு முற்பட்டவை என்றும், 8 மீட்டர்வரை நீண்டிருக்கக்கூடிய ஒரு கார்டாபியோடான்டிடே சுறாவினுடையவை என்றும் 2025இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இதனால் இக்குடும்பம் பேருருவம் எய்திய காலம், அதுகாறும் கருதப்பட்டதினும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டு முந்தியதாயிற்று.