ஓடும் வண்டியில் டயர் வெடித்தல்

ஓடும் வண்டியின் டயரிலுள்ள காற்று ஓரிரு நொடிகளுக்குள் முழுதும் வெளியேறுவதே டயர் வெடிப்பு. ஆணி குத்திக் காற்று மெல்ல இறங்கும் பஞ்சரைவிட இது ஆபத்தானது. ஓட்டுநருக்கு யோசிக்க நேரம் தராது.

காரணங்கள்

முதன்மைக் காரணம் காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிடிப்பைக் கெடுக்கிறது. அளவுக்கு மீறிய பாரமும் நெடுநேர அதிவேகமும் கோடைச் சாலையின் சூடும் இதை விரைவுபடுத்துகின்றன. பள்ளத்தில் விழுந்து அடிபட்ட டயர் பல நாள் கழித்தும் வெடிக்கலாம்.

வெடித்தவுடன்

முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். பின் டயர் வெடித்தால் வால்பகுதி அலையும். இரண்டுக்கும் முதல் விதி ஒன்றே: பிரேக்கை அழுத்தக் கூடாது. திடீர் பிரேக் வண்டியைச் சுழற்றிக் கவிழ்க்கக்கூடும். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வண்டியை நேர்கோட்டில் வைத்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால், காற்றிழந்த டயரின் உராய்வே வேகத்தைக் குறைக்கும். வேகம் நன்றாகத் தணிந்த பின் சிக்னல் போட்டு, இந்தியச் சாலைகளில் இடது ஓரமாக ஒதுங்கலாம். இருசக்கர வண்டியில், காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மென்மையாகப் பயன்படுத்த வேண்டும்.

நிறுத்திய பின்

நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, பயணிகளைச் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்து, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். சமதளமான, பாதுகாப்பான இடம் கிடைத்தால் மட்டுமே ஸ்டெப்னி மாற்றலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, வேறொரு சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கியை ஏற்ற வேண்டும். இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

தடுப்பு

அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து பலர் உயிரிழந்ததால், 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அங்கே புதிய கார்களில் கட்டாயமானது. கருவி இல்லாத வண்டியில் அந்த வேலை ஓட்டுநருடையது. டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணைப்படி காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் விட்டுவிடக் கூடாது. இந்திய விதிப்படி கார் டயரின் மேற்பட்டைப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் வீக்கமோ விரிசலோ தெரிந்தால், பள்ளம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் டயரை மாற்றியே ஆக வேண்டும்.